ஆறாம் முறை பார்த்த படம்

காதக்கா அந்தப் படத்தை ஆறாம் முறை பார்க்கப் போன வியாழக்கிழமை, கூடவே நாத்தனாரும் வந்தாள். தானாக வரவில்லை. காதக்காவின் கணவர் தங்கையிடம் கெஞ்சிக் கூத்தாடி அனுப்பிவைத்திருந்தார். அண்ணிக்கும் நாத்தனாருக்கும் பதினைந்து நாளாகப் பேச்சுவார்த்தை இல்லை.

சண்டைக்குக் காரணமே அந்தப் படம்தான். சொந்தக்காரர் வீட்டு விருந்துக்குக் காதக்கா தோளில் "விளக்கான்" என்று எழுதிய வட்டப் பேட்ஜைக் குத்திக்கொண்டு வந்தாள். நாத்தனார் ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கும் டீச்சர். "நாற்பத்தேழு வயசுல இதெல்லாம் தேவையா அண்ணி? பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க?" என்று பத்துப் பேர் முன்னால் கேட்டுவிட்டாள். காதக்கா சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

காதக்கா என்ற பெயர் கார்மெண்ட்ஸ் கம்பெனியில் வைத்தது. அங்கே அவள் மெக்கானிக். ஒரே கூடத்தில் நூற்றிருபது தையல் மெஷின்கள் ஓடும். அவள் வாசலில் நின்றபடியே, "மூணாவது லைன்ல யாருக்கோ ஊசி தட்டுது, நிறுத்தச் சொல்லு" என்பாள். போய்ப் பார்த்தால் ஊசி தட்டிக்கொண்டிருக்கும்.

படம் பழைய காலத்துப் போரில் நடக்கிற சூப்பர் ஹீரோ கதை. தெருவிளக்கு ஏற்றும் விளக்கான் என்ற தொழிலாளி வெடிமருந்துக் கிடங்கு எரிந்ததில் சிக்கிப் பிழைக்கிறான். அன்றிலிருந்து இருட்டில் அவன் உடம்பு ஒளிவிடத் தொடங்குகிறது. ஊரே விளக்கை அணைத்து, ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டி, எதிரி விமானத்துக்குப் பயந்து ஒடுங்கிக் கிடக்கிற காலம் அது. அந்த நேரத்தில் ஒளிர்கிற ஆள் ஊருக்கே வினை. எல்லோரும் அவனை விரட்டுகிறார்கள். கடைசியில் அவனே வெட்டவெளிக்கு ஓடிப்போய், விழுகிற குண்டெல்லாம் தன்மேல் விழட்டும் என்று நிற்கிறான்.

"ஒருத்தனையும் ஒரு அடிகூட அடிக்காத சூப்பர் ஹீரோ வேற யாரு இருக்கா, சொல்லுங்க பார்ப்போம்" என்று காதக்கா கம்பெனியில் எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஆனால் அவள் மனதைப் பிடித்தது முதலில் அவன் இல்லை. ராணுவ உடுப்பு தைக்கும் பட்டறை ஒன்று படத்தில் வரும். நாற்பது பெண்கள் கால்மிதி மெஷினில் தைப்பார்கள். அந்தச் சத்தம் நிஜமான சத்தம். அடிநூலைச் சுமக்கும் ஷட்டில் முன்னும் பின்னும் ஆடிப் போய்வருகிற அந்தக் காலத்து மெஷினையே எங்கிருந்தோ தேடிப் பிடித்துப் பதிவு செய்திருந்தார்கள். "இந்தச் சத்தத்தைக் கண்டுபிடிக்க உலகத்துல எத்தனை பேர் இருப்பாங்க? அதுக்கும் மெனக்கெட்டிருக்காங்க பாருங்க. அப்படிப்பட்டவங்க படத்தை அஞ்சு தடவை பார்த்தா என்ன தப்பு?" என்று கணவரிடம் கேட்டாள். அவர் பஸ் டிரைவர். "தப்பே இல்ல. நான் ஒரே ரூட்டைத் தினம் ஆறு தடவை பார்க்கிறேன். என்னை யாராவது கேட்டாங்களா?" என்றார்.

மூன்றாம் முறை பார்த்த அன்று காதக்கா ஒரு காரியம் செய்தாள். குண்டுவீச்சுக் காட்சியில் சத்தம் போதவில்லை, நெஞ்சில் வந்து மோத வேண்டிய அதிர்வே இல்லை என்று தியேட்டர் புகார்ப் புத்தகத்தில் ஒரு பக்கம் எழுதி வைத்தாள். நான்காம் முறை போனபோது நாற்காலியே கிடுகிடுத்தது. வாசலில் நின்ற மேனேஜர் அவளைப் பார்த்து, "இப்ப திருப்தியா?" என்று சிரித்தார். அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை.

இப்போது ஆறாம் முறை. பகல் காட்சி. முந்நூறு பேர் உட்காரக்கூடிய ஹாலில் எழுபது பேர் இருந்தார்கள். பாதிப் பேர் நடுவில், மீதிப் பேர் ஆங்காங்கே. காதக்காவும் டீச்சரும் நடு வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். டீச்சர் கைப்பையை மடியில் வைத்து, பஸ்ஸுக்குக் காத்திருப்பவள்போல நிமிர்ந்து இருந்தாள். காதக்காவின் கண் பாதி திரையிலும் பாதி டீச்சரின் முகத்திலும் இருந்தது.

இடைவேளை முடிந்து அரை மணி நேரத்தில் அந்த மௌனக் காட்சி வந்தது. ஊர் முழுக்க இருட்டு. திரையிலும் இருட்டு. வசனம் கிடையாது, இசை கிடையாது. இரண்டு நிமிடம் பத்து வினாடி. காதக்கா எண்ணி வைத்திருந்தாள். முதல் முறை பார்த்தபோது அந்த மௌனத்தில்தான் அவள் அழுதாள்.

முப்பது வினாடி போயிருக்கும். தலைக்கு மேலே எங்கோ "டக்" என்று ஒரு சத்தம்.

படத்தில் அந்த இடத்தில் சத்தம் கிடையாது.

அவள் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டாள். மறுபடி "டக்". பின்னாலேயே மெல்லிய ஒரு கிறீச். மரை தேய்ந்த போல்ட்டில் நட்டு வழுக்கும்போது வருகிற சத்தம். கம்பெனியில் மேலே தொங்குகிற விளக்குச் சட்டம் ஒன்று ஒருமுறை விழுந்தபோது, விழுவதற்குக் கொஞ்சம் முன்னால் இதே சத்தத்தைக் கேட்டிருக்கிறாள். அன்று அது காலி மேஜைமேல் விழுந்தது.

புறங்கையில் ஏதோ பொடி விழுந்தது. தடவிப் பார்த்தாள். சுண்ணாம்புத் தூள்போல நறநறத்தது.

திரையில் வெளிச்சம் வந்தது. விளக்கானும் அவன் தாயும் பேசத் தொடங்கினார்கள். அந்தப் பேச்சு பதினொரு நிமிடம். அது முடிந்ததும் விமானங்கள் வரும். முதல் குண்டு விழும். நாற்காலியே கிடுகிடுக்கும்படி அவள் எழுதிக் கேட்டு வாங்கிய சத்தத்தோடு விழும்.

"நீ ஓரத்து சீட்டுக்குப் போய்டு, இதோ வந்துடறேன்" என்று டீச்சரிடம் சொல்லிவிட்டு எழுந்தாள். டீச்சர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மேனேஜர் அறையில் இருந்தார். "நீங்களா? படம் ஓடுதே, பார்க்கலையா?" என்றார்.

"சார், சீலிங்ல ஏதோ கழலுது. நடு வரிசைக்கு நேர் மேல. தூள் கொட்டுது. கொஞ்சம் படத்தை நிறுத்தி லைட்டைப் போட்டுப் பாருங்க."

"ஏசி ஓடினா தூசி விழத்தாம்மா செய்யும்."

"ஏசி சத்தம் எனக்குத் தெரியாதா சார்? இது நட்டு வழுக்குற சத்தம். இன்னும் ஒன்பது நிமிஷத்துல குண்டு போடுற சீன் வரும். அதுக்குள்ள நிறுத்தணும்."

மேனேஜர் பேனாவை மூடி வைத்தார். "போன வாரம் சத்தம் பத்தலைன்னு ஒரு பக்கம் எழுதினது யாரு? நீங்கதானே? சரின்னு ஏத்தி வச்சோம். இப்ப நிறுத்துன்றீங்க. நாளைக்கு வந்து கதையை மாத்தச் சொல்வீங்களா?"

அந்த வார்த்தை காதக்காவை உலுக்கிவிட்டது. அவளுக்கு அதுவரை அது தோன்றவே இல்லை. இத்தனை நாளாகக் கூரையை உலுக்கிக் கழற்றியதே அவள் கேட்டு வாங்கிய சத்தம்தான்.

"நான் எழுதினது தப்புதான் சார். அப்ப சத்தத்தையாவது குறைங்க. காலைப் பிடிச்சுக் கேட்கிறேன்."

"ஷோ முடியட்டும். ஆளை ஏத்திப் பார்க்கச் சொல்றேன். நீங்க போய் உங்க ஹீரோவைப் பாருங்க" என்று போனை எடுத்துக்கொண்டார்.

ஹால் கதவருகே டார்ச்காரர் நின்றிருந்தார். டிக்கெட் கிழித்து இடம் காட்டுகிறவர். காதக்கா அவரிடம் வாதம் செய்யவில்லை. "அண்ணே, டார்ச்சை ஒரு தரம் மேல அடிங்க. நடுவுல. அது போதும்" என்றாள்.

அவர் தயங்கித் தயங்கி அடித்தார். வெளிச்ச வட்டம் சீலிங்கில் நகர்ந்தது. நடுவில் ஒரு இடத்தில் இரண்டு பலகைகளுக்கு இடையே விரல் அகலத்துக்குக் கறுப்புக் கோடு தெரிந்தது. அதற்கு மேலே ஏசி குழாயின் தகர விளிம்பு ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தது.

"காலையில பெருக்கும்போது இது இல்லையே" என்றார் டார்ச்காரர். குரல் இறங்கிவிட்டது. பிறகு, "மேனேஜர் சொல்லாம ஆளுங்களை நான் எப்படிம்மா வெளியே அனுப்புறது?" என்றார்.

"அனுப்ப வேண்டாம். பக்கக் கதவுங்களை மட்டும் திறந்து வையுங்க."

அவர் போனார். காதக்கா நேராகத் திரைக்கு முன்னால் போய் நின்றாள். விளக்கானின் தாய் முகம் அவள்மேல் விழுந்தது. "எல்லாரும் எழுந்திருங்க. மேல சீலிங் விழப்போகுது. தயவுசெஞ்சு எழுந்திருங்க" என்றாள்.

"அக்கா, உட்காருங்க. மறைக்குது" என்றது ஒரு குரல். "தினம் வர்ற அம்மா இது. முத்திப்போச்சு போல" என்றது இன்னொன்று. சிரிப்பு எழுந்தது. யாரோ தாளைக் கசக்கி எறிந்தார்கள். நூற்றிருபது மெஷின் சத்தத்துக்கு நடுவே வேலை செய்கிறவள். சத்தம் கேட்கத்தான் அவளுக்குத் தெரியும், போடத் தெரியாது.

டீச்சர் வரிசையிலிருந்து வெளியே வந்து அவள் கையைப் பிடித்து ஓரத்துக்கு இழுத்தாள். முகம் சிவந்திருந்தது. "என்ன அண்ணி இது? மானம் போகுது."

காதக்கா கையை நீட்டிக் காட்டினாள். புறங்கையில் வெள்ளைத் தூள். "மேல பார்."

டீச்சர் பார்த்தாள். இருட்டில் அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை.

"எவ்வளவு நேரம் இருக்கு?"

"அஞ்சு நிமிஷம். குறைவாவும் இருக்கலாம்."

"நிச்சயமாத் தெரியுமா?"

"படம் நிச்சயமாத் தெரியும். சீலிங் விழுமா விழாதான்னு தெரியாது. விழலைன்னா நாளைக்கு ஊரே என்னைப் பார்த்துச் சிரிக்கட்டும்."

டீச்சர் ஒரு கணம் அண்ணியின் முகத்தையே பார்த்தாள். பிறகு கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடு வழியில் போய் நின்றாள். கத்தவில்லை. வகுப்பில் பேசுகிற குரலில், ஆனால் கடைசி பெஞ்சு வரைக்கும் போகிற குரலில் சொன்னாள்.

"எல்லாரும் இங்கே கவனிங்க. படத்தை யாரும் விட வேண்டாம். நடுவுல இருக்கறவங்க மட்டும் எழுந்து சுவர் ஓரத்து சீட்டுக்கு வாங்க. அங்கேருந்து பார்க்கலாம். பையை எடுத்துக்குங்க. ஓட வேண்டாம். முதல்ல இந்த வரிசை."

வெளியே போகச் சொன்னால் எழுந்திருக்க மாட்டார்கள். இடம் மாறச் சொன்னாள். முணுமுணுத்துக்கொண்டே முதல் வரிசை எழுந்தது. பிறகு அடுத்தது. "நீங்க, நீலச் சட்டை, போனை அப்புறம் பார்க்கலாம், எழுந்திருங்க" என்றாள். நீலச் சட்டை எழுந்துவிட்டான். ஐம்பது வயது ஆள் ஒருவர் தன்னையறியாமல் கையைக் கட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்.

நடுவில் ஒருவர் மட்டும் மிச்சம். வலது காலில் மாவுக்கட்டு. காலை முன்சீட்டின் மேல் நீட்டி வைத்திருந்தார். ஊன்றுகோல் சீட்டுக்கு அடியில் உருண்டு போயிருந்தது. "என்னால முடியாதும்மா, நான் இப்படியே இருந்துக்கறேன்" என்றார். காதக்கா குனிந்து அவர் அக்குளுக்குள் தோளைக் கொடுத்தாள். டார்ச்காரர் மறுபக்கம் பிடித்தார். ஒற்றைக் காலில் அவரைத் தத்தித் தத்தி நடத்திச் சுவர் ஓரம் சேர்த்தபோது, திரையில் தாய் கதவைச் சாத்திக்கொண்டிருந்தாள். இன்னும் அரை நிமிடம்.

அப்போதுதான் மேனேஜர் உள்ளே வந்தார். காலியாகக் கிடந்த நடு வரிசைகளையும் சுவரோரம் நெருக்கியடித்த கூட்டத்தையும் பார்த்தார். "யார் உங்களை எழுந்திருக்கச் சொன்னது? எல்லாரும் அவங்கவங்க சீட்டுக்குப் போங்க. ஒண்ணும் இல்லை" என்று சொல்லிக்கொண்டே நடு வழியில் இறங்கி நடந்தார்.

"சார், அங்கே போகாதீங்க" என்றாள் காதக்கா.

"உங்களை அப்புறம் கவனிச்சுக்கறேன்" என்றார். நாலைந்து பேர் தங்கள் இடத்துக்குத் திரும்ப அடியெடுத்து வைத்தார்கள். டீச்சர் இரண்டு கையையும் விரித்து அவர்களை மறித்தாள்.

விமானங்களின் உறுமல் எழுந்தது. முதல் குண்டு விழுந்தது.

சத்தம் தரையிலிருந்து ஏறி எல்லோருடைய வயிற்றுக்குள்ளும் போனது. அதோடு சேர்ந்து மேலே வேறொரு சத்தம், துணி கிழிவதுபோல. பலகைகள் மூன்று நான்காகப் பிரிந்து நடு வரிசைமேல் கொட்டின. கம்பிகள் தொங்கி ஆடின. புழுதி திரையின் வெளிச்சத்தை மறைத்தது. மேனேஜர் நின்ற இடத்தில் மேனேஜரைக் காணவில்லை.

கூட்டம் பக்கக் கதவுகள் வழியாக வெளியே பாய்ந்தது. "மேல ஓடுங்க, ஆபரேட்டர்கிட்ட படத்தை நிறுத்தச் சொல்லுங்க" என்று காதக்கா டார்ச்காரரைத் தள்ளிவிட்டாள். ஆபரேட்டர் அறைக்கு வெளியே சுற்றிப்போய் மாடி ஏற வேண்டும். ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும்.

படம் ஓடிக்கொண்டே இருந்தது. விளக்கான் வெட்டவெளியை நோக்கி ஓடத் தொடங்கிவிட்டான். அந்த ஓட்டம் நாற்பது வினாடி. நாற்பதாவது வினாடியில் இரண்டாவது குண்டு.

"டீச்சர், வா" என்று சொல்லிக்கொண்டே காதக்கா உள்ளே ஓடினாள். வாழ்க்கையில் முதல் தடவையாக நாத்தனாரை டீச்சர் என்று கூப்பிட்டாள். டீச்சரும் யோசிக்காமல் பின்னால் வந்தாள்.

மேனேஜர் குப்புறக் கிடந்தார். முதுகின்மேல் ஒரு பலகை. காதக்கா மனதுக்குள் எண்ணிக்கொண்டே அதைத் தூக்கினாள். பன்னிரண்டு, பதின்மூன்று. டீச்சர் அவர் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தாள். அவர் அலறினார். இடது தோள் தொங்கியது. "காலரை விடு, இடுப்புப் பெல்ட்டைப் பிடி" என்றாள் காதக்கா. பத்தொன்பது. மேலே குழாய் முனகியது. இரண்டு பேரும் அவரைத் தரையோடு இழுத்தார்கள். அவருடைய ஷூ ஒன்று சீட்டுக் காலில் மாட்டிக்கொண்டது. இருபத்தாறு. காதக்கா ஷூவைக் கழற்றி விட்டாள். முப்பத்தொன்று. சுவர் இன்னும் நாலு சீட்டுத் தூரம். டீச்சருக்கு மூச்சு இரைத்தது. "இன்னும் எவ்வளவு நேரம்?" என்று கேட்டாள். "பேசாதே, இழு." முப்பத்தெட்டில் மூன்று பேரும் சுவரோரம் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தார்கள்.

இரண்டாவது குண்டு வெடித்தது. ஏசி குழாய் முழுதாக இறங்கியது. நடு வரிசையில் ஏழெட்டு நாற்காலிகள் அதன் அடியில் மடங்கிப் போயின. காதக்காவும் டீச்சரும் உட்கார்ந்திருந்த நாற்காலிகளும் அதில் இருந்தன.

அதன் பிறகுதான் படம் நின்றது. விளக்கு எரிந்தது.

வெளியே வெயிலில் கண் கூசியது. ஆம்புலன்ஸ் வந்து மேனேஜரை ஏற்றிக்கொண்டு போனது. எழுபது பேரில் யாருக்கும் கீறல்கூட இல்லை. டீச்சர் நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்தாள். தலை முழுக்க வெள்ளைத் தூள். "அந்த விளக்கு ஆள் பிழைக்கிறானா அண்ணி?" என்று கேட்டாள்.

"இப்ப அதுவா முக்கியம்?"

"சும்மா சொல்லுங்க."

காதக்கா சொல்ல வாயெடுத்தாள். வாய் கோணிக்கொண்டு அழுகைதான் வந்தது. டீச்சர் அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். விருந்து வீட்டில் பேசியதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தையும் எடுக்கவில்லை.

மூன்றாம் நாள் விசாரணை நடந்தது. விசாரித்த அதிகாரி ஒரு பெண் இன்ஜினியர். சீலிங்கைத் தாங்கிய கம்பிகள் துருப்பிடித்து மரை தேய்ந்திருந்ததாகவும், பல வருடமாக யாரும் மேலே ஏறிப் பார்க்கவில்லை என்றும் சொன்னார். காதக்கா அதைக் கேட்டும் நிம்மதி அடையவில்லை. "சத்தத்தை ஏத்தச் சொல்லி எழுதிக் குடுத்தது நான்தான். அதையும் எழுதிக்குங்க" என்றாள். அதிகாரி அவளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். தப்பு என்றும் சொல்லவில்லை, தப்பில்லை என்றும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காதக்கா ஆஸ்பத்திரிக்குப் போனாள். டீச்சரும் வந்தாள். மேனேஜருக்குத் தோள் எலும்பும் இரண்டு விலா எலும்பும் முறிந்திருந்தன. அவர் மனைவி கட்டிலருகே நின்று கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தாள். யார் இவர்கள் என்று அவளுக்குத் தெரியவில்லை.

மேனேஜர் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். பிறகு, "நான் எதுக்கு உள்ளே வந்தேன்னு விசாரணையில கேட்டாங்களா?" என்றார்.

"கேட்டாங்க."

"என்ன சொன்னீங்க?"

"எல்லாரையும் திரும்ப நடுவுல உட்காரச் சொல்ல வந்தீங்கன்னு சொன்னேன். நீங்க பேசினதை அப்படியே சொன்னேன். நான் எழுதினதையும் சொன்னேன்."

மனைவியின் கை கிண்ணத்தின் மேல் நின்றது. மேனேஜர் கண்ணை மூடிக்கொண்டார். மூடியபடியே, "சரி. அதுதானே நடந்தது" என்றார். பிறகு மனைவியிடம், "இவங்க ரெண்டு பேரும்தான் என்னை இழுத்துட்டு வந்தது" என்றார்.

அவள் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். பக்கத்துக் கட்டிலுக்குப் போய் ஒரு ஸ்டூலைக் கேட்டு வாங்கி வந்தாள். ஏற்கெனவே இருந்த நாற்காலியின் பக்கத்தில் அதைப் போட்டு, முந்தானையால் இரண்டையும் துடைத்தாள்.

"உட்காருங்க" என்றாள்.

இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள்.